மிகுதியும் தகுதியும்

சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்று குதிரைகள் இல்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் கோயில்களும் நிலத்தடியில் ஓடும் ரயிலும் உள்ளன. ஆயினும் அந்தப் பெயர் காரணம் இல்லாமல் வந்ததன்று. ஃபேரர் பார்க் என்று இன்று வழங்கும் அந்தப் பகுதியின் திடலில் 1843ஆம் ஆண்டு தொடங்கிக் குதிரைப் பந்தயம் நடந்தது. 1933இல் பந்தயத்திடல் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. 1999இல் கிராஞ்சிக்குச் சென்றது. 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இறுதிப் பந்தயம் ஓடி முடிந்தது. அருகிலுள்ள பஃபலோ சாலையோ எருமையும் மாடும் விலைபேசப்பட்ட காலத்தைப் பெயரில் தாங்கி நிற்கிறது. விலங்குகள் போய்விட்டன. அவற்றின் வலிமையை அளந்த சொல் மட்டும் போகவில்லை. நீராவி இயந்திரத்தின் ஆற்றலை மக்களுக்கு விளக்குவதற்காக ஜேம்ஸ் வாட் கையாண்ட ‘குதிரைத்திறன்’ என்னும் அளவுகோல், அதே சாலையில் இன்று ஓடும் ஒவ்வொரு காரின் பதிவுச் சான்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது.

அந்தச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஒரு குடும்பத்தினர் உணவு உண்பதற்காகக் காரில் வந்தனர். தந்தைக்கு எழுபதை நெருங்கும் வயது. இளமையில் தீவின் வடகரையில் ஒரு கப்பல் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, டீசல் இயந்திரங்களைப் பிரிப்பதும் கோப்பதுமாக நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். காரை ஓட்டியவர் அவருடைய மகன். வங்கியொன்றில் கணினிப் பிரிவில் பணியாற்றுபவர். பின்னிருக்கையில் மருமகளும் ஐந்து வயதுப் பேத்தியும் இருந்தனர். வாகன நிறுத்துமிடத்தின் வளைந்தேறும் சரிவில் கார் ஏறியபோது பேத்தி திடீரென்று கூவினாள்.

“தாத்தா! காருக்குள்ளே பாம்பு இருக்கு. ஸ்ஸ்ஸ்னு சீறுது!”

தாத்தா செவியைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் சிரித்தார்.

“அது பாம்பு இல்லைம்மா. டர்போ மூச்சு விடுது.”

அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்ததைத் தந்தை கவனித்தார். ஆனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இலையில் சோறு விழுந்த பிறகு மகன் தம் உள்ளத்தில் இருந்ததை எடுத்துரைத்தார். ஆறு ஆண்டுகளாக ஓடும் அந்தக் காரின் இயந்திரம் 1,400 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. 122 குதிரைத்திறன் கொண்டது. வாங்கிய புதிதில் துள்ளி ஓடியது. இப்பொழுது நால்வரும் ஏறிக் குளிர்சாதனத்தையும் இயக்கினால் விரைவுச்சாலையில் நுழையும் சரிவில் தயங்குகிறது. நண்பர் ஒருவர் ஒரு பட்டறையைச் சொல்லியிருக்கிறார். காரின் கட்டுப்பாட்டுக் கணினியில் புதிய நிரலை ஏற்றிவிடுவார்களாம். ஒரு மணி நேரத்துக்குள் முப்பது குதிரைத்திறன் கூடிவிடுமாம். அத்துடன் புகை வெளியேறும் குழாயையும் அகலமானதாக மாற்றிவிட்டால் ஓசையும் கம்பீரமாக இருக்குமாம்.

“பெரிய பந்தயக் காராக மாற்றப் போவதில்லை, அப்பா. கொஞ்சம்தான். உள்ளே இருக்கிற சக்தியைத் திறந்துவிடுவது போலத்தான்” என்றார் மகன்.

தந்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே, “சாப்பிடு தம்பி. பிறகு பேசலாம்” என்றார்.

டர்போ என்பது அந்த முதியவருக்குப் புதிய சொல்லன்று. ஆள் உயரத்துக்கு நிற்கும் டர்போக்களைப் பாரந்தூக்கியில் கட்டி இறக்கியவர் அவர். அதன் தத்துவம் எளிது. எரிபொருளை எரிப்பதற்குக் காற்று வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையில் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று தேவை. இயந்திரத்தின் உருளைக்குள் எவ்வளவு காற்று நுழைகிறதோ அவ்வளவுதான் ஆற்றல். சாதாரண இயந்திரம் தானாக உறிஞ்சும் காற்றோடு நிறைவு கொள்ளும். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு கலந்து வீணே வெளியேறும். அந்தப் புகையின் பாதையில் ஒரு சிறு சக்கரத்தை வைத்துச் சுழலச் செய்து, அதே தண்டின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி உருளைக்குள் திணித்தால், வீணாகும் வெப்பமே வேலைக்காரனாகிவிடும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணம் செயலாக இருபது ஆண்டுகள் ஆயின. 1920களின் நடுப்பகுதியில் இரண்டு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் அவர் அமைப்பு பொருத்தப்பட்டு, 1,750 குதிரைத்திறன் 2,500ஆக உயர்ந்தது. டர்போ கடலில் வென்ற பின்னரே தரைக்கு வந்தது.

தரைக்கு வந்தபோது அது பட்ட பாடும் கற்பதற்குரியது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்னும் டர்போ காரை வெளியிட்டது. அதன் இயந்திரத்தில் உருளைகளின் அழுத்த விகிதம் ஏற்கெனவே மிகுதி. அதன்மேல் டர்போவின் அழுத்தமும் சேர்ந்தால் எரிபொருள் முறைதவறி வெடிக்கும் என்பதற்காக, வாலைவடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு நீர்மத்தைக் காற்றோடு தெளிக்கும் ஏற்பாடு செய்திருந்தனர். அந்த நீர்மத்துக்குத் தனித் தொட்டி இருந்தது. உரிமையாளர் பலர் அதனை நிரப்ப மறந்தனர். தொல்லைகள் பெருகின. பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிவிட நேர்ந்தது. 1963உடன் அந்த வண்டியின் கதை முடிந்தது. பொறியில் குற்றம் என்பதைவிட, மனிதனின் மறதியைக் கணக்கில் கொள்ளாத பொறி அது என்பதே பொருந்தும்.

அதற்கு நேர்மாறான வழியைச் சுவீடன் நாட்டின் சாப் நிறுவனம் தேர்ந்தது. 1977இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அது காட்டிய 99 டர்போ, இரண்டு லிட்டர் இயந்திரத்தில் 145 குதிரைத்திறனோடு நின்றுகொண்டது. உச்ச வேகத்துக்காக ஏங்காமல், அன்றாடம் முந்திச் செல்லவும் சரிவில் ஏறவும் வேண்டிய நடுவேகத்தில் உதவுமாறு சிறிய டர்போவைப் பொருத்தினர். அழுத்தம் எல்லை மீறும்போது புகையை வேறு வழியில் திருப்பிவிடும் கதவொன்றும் இருந்தது. சில ஆண்டுகளில், முறைதவறிய வெடிப்பின் அதிர்வை உணர்ந்து அழுத்தத்தைத் தானாகவே தணிக்கும் கருவியையும் சேர்த்தனர். குடும்பக் காரில் டர்போ நிலைபெற்றதற்கு இத்தகைய அடக்கமே அடிப்படையாயிற்று.

பந்தயத்தில் அடக்கத்துக்கு இடமில்லை. 1977இல் ரெனோ நிறுவனம் பார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போவைக் கொண்டுவந்தபோது, அடிக்கடி புகை கக்கி நின்ற அந்த மஞ்சள் வண்டியைத் ‘தேநீர்க் கெண்டி’ என்று ஏளனம் செய்தனர். பத்து ஆண்டுகள் செல்வதற்குள் ஒன்றரை லிட்டர் இயந்திரங்கள் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டின. ஆனால் தகுதிச் சுற்றுக்கென்று அவ்வாறு முறுக்கேற்றப்பட்ட இயந்திரங்களின் ஆயுள் ஒருசில சுற்றுகள்தாம். ஓடி முடித்தால் கழித்துவிடுவார்கள். குடும்பத் தலைவரின் கார் அப்படி அன்று. மறுநாள் காலையிலும் அது பிள்ளையைப் பள்ளியில் கொண்டு சேர்க்க வேண்டும்.

உணவு முடிந்து வாகன நிறுத்துமிடத்துக்குத் திரும்பியதும் தந்தை, “முன்மூடியைத் திற தம்பி” என்றார். கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்ணால் அதிகம் பார்க்கவில்லை, விரலால் தேடினார். டர்போவிலிருந்து புறப்படும் காற்றுக்குழாயைத் தொடர்ந்து அவர் விரல் மெல்ல நகர்ந்தது. இடைக்குளிர்ப்பானோடு குழாய் இணையும் வளைவின் அடிப்பக்கத்தில் நின்றது. விரலை எடுத்து மகனிடம் காட்டினார். நுனியில் கருமையான எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தது.

“பாப்பா சொன்ன பாம்பு இங்கேதான் இருக்கிறது” என்றார்.

மகனுக்கு விளங்கவில்லை. தந்தை விளக்கினார். டர்போ வழியாக வரும் காற்றில் எண்ணெய்ப் புகையின் சாயல் சிறிது இருக்கும். குழாய் முழுமையாக இருந்தால் அஃது உள்ளேயே போய்விடும். வெளியே ஈரம் கசிந்திருந்தால், அவ்விடத்தில் காற்றும் வெளியேறுகிறது என்று பொருள். வேகத்தை மிதிக்கும்போது குழாயில் அழுத்தம் ஏறும், வெடிப்பின் இதழ் விரியும், சீறல் எழும். காலை எடுத்தால் அடங்கிவிடும். பெருமைக்குரிய மூச்சு என்று மகன் எண்ணியது, இயந்திரம் வலிமையை இழந்துகொண்டிருந்த ஓசை.

“எனக்கு அந்த ஓசை கேட்காது, தம்பி. அதனால்தான் விரலால் பார்த்தேன்” என்று அவர் சொன்னபோது மகன் ஒன்றும் பேசவில்லை.

அந்தச் செவியின் வரலாறு வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கப்பல்களின் இயந்திர அறையில் டர்போ எழுப்பும் உச்சக் குரல் ஊசிபோல் நுழையக்கூடியது. காதுமூடி அணிவதைக் கோழைத்தனம் என்று இளைஞர்கள் எண்ணிய காலம் அது. அவரும் அப்படித்தான் எண்ணினார். இரைச்சலால் கெடும் செவி முதலில் உயர்ந்த சுருதிகளையே இழக்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. இன்றைய சிங்கப்பூர்ச் சட்டம், எட்டு மணி நேர வேலையில் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலைத் தொழிலாளர்மேல் சுமத்தக்கூடாது என்று வரம்பிட்டுள்ளது. அவருக்கு அந்த அறிவு பிந்தி வந்தது. இடியோசை கேட்கும், குயிலோசை கேட்காது. ஆண்களின் பேச்சு விளங்கும். பேத்தியின் மெல்லிய குரலில் பாதிச் சொற்கள் நழுவிவிடும். அவள் வாயசைவைப் பார்த்தே அவர் பெரும்பாலும் விடை சொல்லுவார்.

ஆகவே, ஓசையைக் கம்பீரம் என்று யாரேனும் சொல்லக் கேட்டால் அவருக்கு உள்ளம் சுருங்கும்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு பட்டறைக்குச் சென்றனர். ஒரு காலத்தில் ஜாலான் புசார் வட்டாரத்தில் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்திருந்த நாள்களில் தொழில் கற்றவர் அதன் உரிமையாளர். முதியவரை நெடுநாளாக அறிந்தவர்.

“வாங்கண்ணே, தம்பியின் வண்டியா?” என்று வரவேற்றவர், மகன் கூறியவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அளவுக் கருவியை வண்டியின் கணினியோடு இணைத்து, தம் ஆள் ஒருவரை உடன் அமர்த்தி ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்ததும் எண்கள் பேசின. கணினி கேட்டது, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.7 பார். கிடைத்தது 0.5 பார்தான்.

கணக்கு எளியது. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். அதனோடு சேர்த்தால் 1.7 இருக்க வேண்டிய இடத்தில் 1.5தான் இருந்தது. அதாவது, முழுவேகத்தில் காற்றில் எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆற்றலும் ஏறக்குறைய அந்த அளவே குறைந்திருக்கும். 122 குதிரைகளில் பதினைந்து குதிரைகள் ஒரு வெடிப்பின் வழியே ஓடிப்போயிருந்தன. அது மட்டுமா? குறைந்த அழுத்தத்தை ஈடுசெய்ய முயன்ற கணினி, டர்போவை மேலும் மேலும் விரைந்து சுழற்றிக்கொண்டிருந்தது. காரின் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. அதன் தண்டு எண்ணெய்ப் படலம் ஒன்றின்மேல் மிதந்தபடியே ஓடுகிறது. தேவையற்ற ஒவ்வோர் ஆயிரம் சுற்றும் அதன் ஆயுளில் கைவைப்பது.

“இந்த நிலையில் புதிய நிரலை ஏற்றியிருந்தால்?” என்று கேட்டார் மகன்.

பட்டறைக்காரர் தலையசைத்தார். “ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான், தம்பி. கொஞ்ச நாள் நிறைந்த மாதிரி தெரியும். பிறகு டர்போ போய்விடும்.”

குழாய் மாற்றப்பட்டது. இடைக்குளிர்ப்பானின் தகடுகளுக்கிடையே அடைந்திருந்த தூசியும் பூச்சியும் நீக்கப்பட்டன. தீப்பொறி தரும் பிளக்குகள் நான்கும் தேய்ந்திருந்தன, அவையும் புதியனவாயின. காற்று வடிகட்டி மாறியது. எண்ணெய் மாறியது. செய்தவை இவ்வளவே.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் தந்தைக்கும் மகனுக்கும் இடையே உண்மையான வாதம் நிகழ்ந்தது. மகன் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. இழந்ததை மீட்பது சரி. ஆனால் அதற்குமேல் சிறிது கூட்டுவதில் என்ன தவறு? 0.7 பாரை 0.8 ஆக்கினால் காற்று ஆறு விழுக்காடுதானே மிகும்? இயந்திரம் தாங்காதா?

“ஆறு விழுக்காட்டை நல்ல இயந்திரம் தாங்கும்” என்று பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கும் ஒரு வரிசை உண்டு என்றார். முதலில் நோயில்லாத உடம்பு வேண்டும். அடுத்துக் குளிர்ச்சி வேண்டும். முப்பது டிகிரி வெப்பமுள்ள சிங்கப்பூர்க் காற்றை 1.7 மடங்கு அழுத்தினால் அது நூறு டிகிரியை ஒட்டிச் சூடேறும். இடைக்குளிர்ப்பான் அதைத் தணிக்காவிட்டால் எரிபொருள் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்றது அது. மூன்றாவது, எரிபொருள். அத்தகைய வெடிப்பை எதிர்க்கும் திறனைக் காட்டுவதே ஆக்டேன் எண். அழுத்தம் கூடினால் 95க்குப் பதில் 98 வேண்டியிருக்கும். நான்காவது, பற்சக்கரப் பெட்டி. இயந்திரம் தாங்கினாலும் அது தாங்க வேண்டுமே! தாழ்ந்த சுழற்சியில் திடீரென்று முறுக்குவிசையைக் கூட்டுவதே சிறிய டர்போ இயந்திரங்களுக்குப் பெருந்தீங்கு. ஆகவே கூட்டுவதாயின் நடுவேகத்திலிருந்து மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஐந்தாவது, ஓசை. டர்போவின் சக்கரமே புகையின் அதிர்ச்சியைப் பாதி விழுங்கிவிடும். 2014இல் பார்முலா ஒன் பந்தயம் டர்போவுக்குத் திரும்பியபோது, மரீனா பே உட்பட எங்கும் ஓசை குறைந்துவிட்டதே என்று ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள் அல்லவா? இயல்பாகவே அமைதியான பொறியைச் சைலன்சரைக் கழற்றி அலற வைப்பது ஆற்றலுக்காக அன்று. அயலார் திரும்பிப் பார்ப்பதற்காக. புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிப் பெட்டியைத் தொடவே கூடாது.

“இத்தனையும் செய்தால், பத்தில் ஒரு பங்கு வரை அச்சமில்லாமல் கூட்டலாம். அதற்குமேல் என்றால் நான் கைவைப்பதில்லை” என்று முடித்தார் அவர்.

“அப்படியானால் செய்யலாம்தானே?” என்றார் மகன்.

இப்போது தந்தை பேசினார். “இயந்திரம் தாங்கும் என்று அவர் சொல்லிவிட்டார். உரிமை தாங்குமா என்று பார்.”

அவர் கூறியதற்குச் சிங்கப்பூருக்கே உரிய பின்னணி ஒன்று உண்டு. இடம் குறுகிய இந்நாட்டில் கார் வாங்குபவர், 1990ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, பத்தாண்டு உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். சிறிய கார்களுக்கு ‘ஏ’ பிரிவும் பெரியவற்றுக்கு ‘பி’ பிரிவும் உள்ளன. முன்னர் 1,600 கன சென்டிமீட்டர் என்னும் கொள்ளளவே இவ்விரு பிரிவுகளுக்கும் எல்லையாக இருந்தது. டர்போவின் துணையால் சிறிய இயந்திரங்களே பெரிய ஆற்றலைத் தரத் தொடங்கியதும், சொகுசுக் கார்களும் ‘ஏ’ பிரிவில் நுழைந்தன. ஆகவே 2014 பிப்ரவரியிலிருந்து, கொள்ளளவோடு 97 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறன் என்னும் ஆற்றல் வரம்பும் சேர்ந்தது. அந்த வரம்புக்குள் அடங்குமாறு ஆற்றல் குறைத்து அமைக்கப்பட்ட கார்களும் பின்னர் விற்பனைக்கு வந்தன. இயந்திரத்திலும் புகைக்குழாயிலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலின்றி மாற்றம் செய்வது குற்றமாகும்.

“அந்தச் சக்தி ஏற்கெனவே இயந்திரத்துக்குள் இருப்பதுதானே, அப்பா? நான் பூட்டைத்தானே திறக்கிறேன்?” என்றார் மகன்.

“இருக்கலாம். 122 குதிரை என்று சொல்லித்தான் நீ ‘ஏ’ பிரிவில் சான்றிதழ் எடுத்தாய். முப்பது கூட்டினால் 152. அந்த வண்டிக்கு நீ ஏலம் கேட்கவில்லை. அதே ஏலத்தில் நின்று, கிடைக்காமல் திரும்பிய இன்னொரு குடும்பமும் இருந்திருக்கும். பூட்டு உன்னுடையது என்று எப்படிச் சொல்வாய்?”

மகன் தரையைப் பார்த்தார்.

“இன்னொன்றையும் சொல்கிறேன்” என்று தந்தை தொடர்ந்தார். “நாளைக்கு விபத்து ஒன்று நேர்கிறது என்று வைத்துக்கொள். காப்புறுதிக்காரர்களுக்குத் தெரியாமல் மாற்றிய வண்டியில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். அப்போது உன் முப்பது குதிரை யாருக்கு உதவும்? என் காதுமூடி என் பையிலேயே இருந்தது, தம்பி. போட்டுக்கொள் என்று சொன்னவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கு வரை விலை கொடுக்கிறேன்.”

பட்டறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தந்தை தம் செவியைப் பற்றி மகனிடம் வாய்திறந்து பேசியது அன்றுதான்.

வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டுகிறார். ஏற்றப்படும் பொருள் மிக மெல்லியது. அளவு கடந்தால் அச்சு முறிந்துவிடும். பள்ளியில் இக்கருத்தைப் படிக்கும் மாணவர்கள் அதைப் பகைவரின் எண்ணிக்கைக்கு உவமையாகவே கொள்ளுகின்றனர். அவ்வாறு கொள்வது முறையே. ஆனால் அச்சையும் பாரத்தையும் அன்றாடம் கையாளும் தொழிலாளிக்கு அஃது உவமையன்று, அனுபவம். வண்டியின் வலி, ஏற்றுவோனின் வலி, வழியின் வலி என மூன்றையும் அவன் சேர்த்தே எடைபோடுகிறான். இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்பது முதற்கேள்வி. அதை ஓட்டுபவர் எவ்வளவு பேணுவார் என்பது இரண்டாவது. அது செல்லும் சாலையும் அச்சாலையைப் பகிர்ந்துகொள்ளும் ஊரும் எவ்வளவு இடந்தரும் என்பது மூன்றாவது. ஜெட்ஃபயர் இரண்டாவது கேள்வியில் தோற்றது. தகுதிச் சுற்று இயந்திரங்கள் முதற்கேள்வியையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மகன் மூன்றாவது கேள்வியின் முன் நின்றார்.

மாலையில் வண்டி ஆயத்தமானது. மீண்டும் அளவுக் கருவியை இணைத்து ஓட்டிப் பார்த்தனர். கேட்டது 0.7, கிடைத்ததும் 0.7. பட்டறைக்காரர் இரண்டு அறிவுரைகளோடு சாவியைக் கொடுத்தார். எண்ணெயைக் குறித்த தூரத்துக்குச் சற்று முன்பாகவே மாற்றுவது நன்று. நெரிசலிலும் வெயிலிலும் ஓடும் நகரத்து வண்டிக்குத் தூரக்கணக்கு மட்டும் போதாது. மற்றொன்று, விரைவாக ஓட்டி வந்ததும் உடனே இயந்திரத்தை அணைத்துவிடாமல் ஒரு நிமிடம் ஓடவிடுவது. செந்தழலாய்க் கொதிக்கும் டர்போ, ஓடும் எண்ணெயால் தணியட்டும்.

“புதிய நிரல் வேண்டாமா, தம்பி?” என்று அவர் புன்னகையோடு கேட்டார்.

மகன் தந்தையைப் பார்த்தார். பிறகு, “அடுத்த காரை ‘பி’ பிரிவில் எடுத்தால், ஆணையத்திடம் எழுதிக் கேட்டுவிட்டு வருகிறேன், மாமா” என்றார்.

இருவரும் தீவு விரைவுச்சாலையில் நுழைந்தனர். சரிவில் கார் தயங்கவில்லை. அழுத்திய அளவுக்கு அமைதியாக ஏறியது. சீறல் இல்லை. ஆறு ஆண்டுகளுக்குமுன் தாம் வாங்கிய வண்டி திரும்பி வந்துவிட்டதை மகன் உணர்ந்தார். வழியில், குறிப்பிட்ட வேகமான தொண்ணூறைத் தாண்ட வேண்டிய தேவை எழவே இல்லை.

அன்றிரவு குடும்பத்தினர் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினர். பின்னிருக்கையில் பேத்தி தாத்தாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். சிறிது தூரம் சென்றதும் அவள் கண்ணைத் திறந்து, “தாத்தா, பாம்பு போயிடுச்சா?” என்று கேட்டாள்.

குரல் மிக மெல்லியதுதான். ஆனால் கார் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகமும் அருகில் இருந்தது. வாயசைவைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

“போயிடுச்சும்மா” என்றார் தாத்தா.